கிறிஸ்தோப்பரும் கட்டைக் கழுத்துக் கிற்றாரும்

கிறிஸ்தோப்பர் பதினாலு வயதில் எங்கள் அந்தோனியார் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தவன். நாற்பத்தாறாவது வயதில் அவன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். கட்டி குரல் நரம்போடு ஒட்டிப் பிடித்திருந்ததாம். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால் யாரும் உயிரைத்தானே பார்ப்பார்கள். உயிர் தப்பியது. குரல் மட்டும், ஈர மணலில் வள்ளத்தை இழுக்கும்போது வருகிற சத்தம் மாதிரி ஆகிப்போனது.

அவன் எனக்கு மருமகன் முறை. அவனுடைய தாய் றெஜினா என் சின்னையாவின் மூத்த மகள், எனக்குத் தங்கச்சி. தகப்பன் பக்கத்தில் மூன்று தலைமுறையும் கோயிலில் கீழ்க்குரல் பாடியவர்கள். பாட்டன் சவிரிமுத்து, பிறகு தகப்பன் பிலிப்பு, பிறகு இவன். பிலிப்புவின் தம்பி ஒருவரும் பாடினார். ஆனால் அவர் மன்னாரில் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டதால் அவரை விட்டுவிடுவோம்.

கீழ்க்குரல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் மெட்டைப் பாடுவார்கள். கீழ்க்குரல்காரன் அதற்கு அடியில் தடித்த குரலில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு போவான். அதைத் தனியாகக் கேட்டால் பாட்டாகவே இராது, மாடு முனகுகிற மாதிரி இருக்கும். எல்லோரோடும் சேர்த்துக் கேட்டால்தான் அது எதற்கு என்று தெரியும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே பூசை நடந்த காலத்திலும் கிறிஸ்தோப்பர் ஒரு ஞாயிறு தவறாமல் பாடினான்.

குரல் போன பிறகு அவன் கோயிலுக்கு உள்ளே வருவதை விட்டுவிட்டான். பூசைக்கு வருவான், மோட்டார்சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்று கேட்டுவிட்டுப் போவான்.

"உள்ளுக்கை வந்து இருந்தால் என்ன? பாடாத ஆக்கள் இருக்கக் கூடாதெண்டு சட்டமே?" என்று அவன் மனைவி சுசிலா சண்டை பிடிப்பாள்.

"எங்கை இருக்கிறது?" என்று அவன் அந்தக் கரகரத்த குரலில் கேட்பான்.

முப்பத்திரண்டு வருடம் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றவனுக்குக் கோயிலில் வேறு இடம் தெரியாது.

பாடகர் குழுவை நடத்துகிறவள் கிருசாந்தினி. என் மனைவியின் கடைசித் தங்கச்சியின் மகள், கணித ரீச்சர். சிறு வயதிலிருந்தே பகிடி தெரியாத பிள்ளை; குழுவில் யார் பிழை விட்டாலும் எல்லோருக்கும் முன்னால் ஏசிவிடுவாள். மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் அவள் கிறிஸ்தோப்பரின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தேன்.

"அண்ணை, அடிக்குரல் இல்லாமல் பாட்டெல்லாம் மிதக்குது. பேஸ் கிற்றார் எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் பாடினதை அதிலை வாசிக்கலாம். பழகிறியளோ?"

"நானோ?"

"உங்களுக்கு எல்லாப் பாட்டின்ரை அடியும் மனப்பாடம். கை பழகினால் காணும். ஆனி மாதம் கொடியேற்றம். அதுக்கு முதல் வாசிச்சுக் காட்டினால் இடம் உங்களுக்கு. இல்லாட்டி நிரோஜன் கீபோட்டிலை இடக்கையாலை அடிப்பான். எல்லாரும் அதுக்குப் பழகிப்போனால் பிறகு மாத்தேலாது அண்ணை. இப்பவே சொல்லிப்போட்டன்."

நிரோஜன் என்பவன் பிரதேச சபையில் வேலை செய்கிற முப்பது வயதுக்காரன். வாய் கொஞ்சம் நீளம். கையும் கெட்டிக்காரக் கை. பத்து விரலாலும் எல்லாவற்றையும் வாசித்துவிடுவான்.

அவள் போன பிறகு கிறிஸ்தோப்பர் தன் இடக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பல வருடங்களுக்கு முன் திருக்கை முள் ஏறியதால் அந்தக் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் முழுதாக விரியாது. வலை இழுக்கப் போதும். கிற்றாருக்குப் போதுமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுசிலாதான், "போதும் போதும், போனை எடுங்கோ" என்றாள்.

கிறிஸ்தோப்பரின் தங்கை மெற்றில்டா பிரான்சில் இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவள் கிற்றார்க் கடைக்குள் நின்றுகொண்டே வீடியோவில் எடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் போனுக்கு முன்னால் தலையை நுழைத்துக்கொண்டு பார்த்தோம்.

"அண்ணா, இஞ்சை ஒரு சுவர் முழுக்கக் கொழுவி வைச்சிருக்கிறாங்கள். எது வேணும்?"

"பேஸ்."

"எல்லாம் பேஸ்தான் அண்ணா! ஒரு காந்தமோ ரெண்டு காந்தமோ எண்டு கடைக்காரன் கேக்கிறான்."

"கிற்றாருக்குக் காந்தம் என்னத்துக்கு?"

"எனக்கென்ன தெரியும்? கம்பிக்குக் கீழை கறுப்பாய் ஒண்டு கிடக்கெல்லே, அது காந்தமாம். இந்தா, இதுக்கு நடுவிலை ஒண்டுதான், ரெண்டு துண்டாய்ப் பிளந்து வைச்சிருக்கு. இது தடிச்ச சத்தமாம், புதுசாப் பழகிற ஆக்களுக்கு நல்லதாம். இதுக்கு ரெண்டு நீளக் காந்தம். கழுத்து மெல்லிசு, சத்தமும் தெளிவாம். இதுவும் புதுசாப் பழகிற ஆக்களுக்கு நல்லதாம்."

"ரெண்டும் நல்லதெண்டால் எதை எடுக்கிறது?" என்று சுசிலா கேட்டாள்.

"பொறுங்கோ மச்சாள், இன்னும் இருக்கு. இதுக்குப் பின்னாலை பற்றறி போடுறதாம். பற்றறி முடிஞ்சால் சத்தம் வராதாம். இதுக்கு வயிறு பொள்ளல், உள்ளுக்கை ஒண்டுமில்லை, கரண்ட் இல்லாமலும் கொஞ்சம் கேக்குமாம்."

போன் கைமாறிக் கைமாறி, யார் கையில் இருந்தபோது எது காட்டப்பட்டது என்று எனக்குக் குழம்பிவிட்டது. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. நிறம் வேறு, முகம் ஒன்று.

கிறிஸ்தோப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, இது வலை மாதிரிப் போலை. எல்லாம் வலைதான். கண் பெரிசு, கண் சின்னன், நூல் தடிப்பு. மீனுக்கு ஏத்த மாதிரி."

"அப்ப நீ எந்த மீனுக்குப் போறாய்?"

"அதுதான் தெரியேல்லை" என்றான்.

கடைசியில் மெற்றில்டாவே முடிவு செய்தாள். வைகாசி நடுவில், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த சுசிலாவின் தமையன் ஒருவர் கிற்றாரைக் கொண்டுவந்து இறக்கினார். கறுப்பு நிறம், கண்ணாடி போலப் பளபளப்பு. சாதாரணமாகப் பேஸ் கிற்றாருக்கு நாலு கம்பிதானாம். இதற்கு ஐந்து.

"நாலு கம்பி உள்ளதும் அஞ்சு கம்பி உள்ளதும் பக்கத்திலை பக்கத்திலை கிடந்தது" என்று மெற்றில்டா போனில் சொன்னாள். "என்ரை அண்ணனுக்குக் குறைஞ்சதை வாங்குவனோ?"

நிரோஜன் ஏற்கெனவே எல்லாப் பாட்டையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்தான். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கோடுகளை எண்ணி, 'மேலிருந்து முதலாம் கம்பி, மூன்றாம் கோடு' என்கிற மாதிரி. கிறிஸ்தோப்பர் அதை இரண்டு கிழமை மனப்பாடம் செய்தான். கடலில் வள்ளத்தில் இருந்தும் விரலைத் துடுப்பில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

கோயிலில் பாடகர் குழுவோடு முதற் பழக்கத்தில் அவன் வாசிக்கத் தொடங்கியதும் பாடுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். பாட்டு ஒரு பக்கம் போகிறது, கிற்றார் வேறு பக்கம் போகிறது. கிறிஸ்தோப்பர் கொப்பியைப் பார்த்தான், கையைப் பார்த்தான். கொப்பியில் இருந்தபடிதான் செய்திருந்தான்.

நிரோஜன் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தான். "அண்ணை, நான் நாலு கம்பிக்கு எழுதினது. உங்கடை கிற்றாரிலை மேலை ஒண்டு கூடக் கிடக்கு. மேலிருந்து முதலாவதெண்டு நீங்கள் தொடுறது அந்தக் கூடின கம்பி. முழுக்க ஒரு கம்பி பிசகிப் போச்சு."

"அப்ப ஒவ்வொண்டையும் ஒண்டு கூட்டி வாசிச்சால் சரியோ?"

"சரிதான். ஆனால் கை பழகினதை எப்பிடிக் கூட்டுறது?"

கிறிஸ்தோப்பர் மேலே இருந்த தடித்த கம்பியைக் கழற்றிவிட்டான். அப்போது நாலு கம்பியாயிற்று, கொப்பியும் சரிவந்தது. ஆனால் அடுத்த கஷ்டம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கழுத்து ஐந்து கம்பிக்குச் செய்த கழுத்து, அகலம். நீளமும் கூட. முதலாம் கோட்டிலிருந்து மூன்றாம் கோட்டுக்கு அவனுடைய விரியாத விரல்கள் எட்டவில்லை. எட்டுகிற நேரத்துக்குப் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

கிருசாந்தினி அவனை ஏசவில்லை. "பரவாயில்லை அண்ணை, ஆறுதலாப் பழகுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படி மெதுவாகப் பேசியதைக் கேட்டு கிறிஸ்தோப்பரின் முகம் இன்னும் விழுந்துபோனது.

அடுத்த நாள் நானும் அவனும் வவுனியாவுக்குப் பஸ் ஏறினோம். கிற்றாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துப் போனோம். பக்கத்தில் இருந்தவர், "என்ன ஐயா, என்ஜின் தண்டு பழுதோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் எனக்கே விளங்காதது.

வவுனியாவில் ஒரு சந்துக்குள் இசைக்கருவி திருத்துகிற கடை. நிஷாந்தன் என்ற தம்பி வைத்திருந்தான். கிறிஸ்தோப்பரின் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தான், வைத்தியர் மாதிரி. பிறகு சுவரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கி மடியில் வைத்தான்.

பிளந்த காந்தம் உள்ளது வந்தது. கழுத்துத் தடிப்பு, கை சுற்றவில்லை. இரண்டு காந்தம் உள்ளது வந்தது. கழுத்து மெல்லிசு, கையில் நன்றாக அடங்கியது. ஆனால் நீளம் அதே நீளம். பிறகு ஒன்றை இறக்கினான், அதில் குறுக்குக் கோடே இல்லை. மரம் வழவழவென்று இருந்தது. எனக்குப் பாவமாகிப் போயிற்று.

"தம்பி, இதை எவ்வளவு பேர் வாசிச்சு இப்பிடித் தேய்ச்சாங்களோ?"

"தேயேல்லை ஐயா. அது கோடு இல்லாமலே செய்யிறது."

"கோடு இல்லாட்டி எங்கை விரல் வைக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?"

"காதாலை."

நான் கிறிஸ்தோப்பரைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அதைத் திரும்பச் சுவரில் கொழுவச் சொன்னோம்.

கடைசியாக அலுமாரிக்குப் பின்னால் இருந்து ஒன்றை இழுத்தெடுத்தான். சிவப்பு நிறம், அங்கங்கே வண்ணம் உரிந்திருந்தது. மற்றவற்றைப் பார்க்க அதன் கழுத்து நாலு அங்குலம் கட்டை. பள்ளிப் பிள்ளைக்குச் செய்தது போல இருந்தது.

"இது கட்டைக் கழுத்து. கோட்டுக்குக் கோடு தூரம் குறைவு. சின்னப் பிள்ளையள் பழகிறதெண்டு சனம் பகிடி பண்ணும். ஆனால் பெரிய ஆக்களும் விரும்பி வாசிக்கிறவை."

கிறிஸ்தோப்பர் விரலை வைத்தான். முதலாம் கோடு, மூன்றாம் கோடு. எட்டியது. இன்னும் ஒரு தரம் வைத்தான். அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

நான் அதற்கிடையில் வழக்கம் போலக் கேட்டேன். "தம்பி எந்த இடம்?"

"உருத்திரபுரம் ஐயா."

"ஆற்றை மகன்?"

"கதிர்காமநாதன்ரை."

"வாய்க்கால் கரையிலை இருக்கிற கதிர்காமநாதனோ? அவற்றை தமக்கை கமலாசனி எண்டு ஒருத்தி…"

"அவா என்ரை மாமி!"

"அவாவைக் கட்டினது என்ரை ஒண்டுவிட்ட தம்பி அல்போன்ஸ் எல்லே. உங்கடை வீட்டிலை அந்தக் கலியாணத்துக்கு ஆறு வருசம் கதைக்காமல் இருந்தவை. பிறகு மூத்த பிள்ளை பிறக்கத்தான் வந்தவை."

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?" என்று நிஷாந்தன் வாயைப் பிளந்தான்.

"தெரியாமல்? அப்ப நான் உமக்கு மாமா முறை. இவன்ரை தாய் எனக்குத் தங்கச்சி. அப்பிடிப் பார்த்தால் இவன் உமக்கு அண்ணன் முறை."

அவன் ஒரு நிமிடம் விரலை மடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அப்ப அண்ணை, இதைக் கொண்டு போங்கோ. திருநாள் முடியக் கொண்டு வாங்கோ. சரிவந்தால் பிறகு கதைப்பம். தங்கச்சி அனுப்பின கிற்றாரை மாத்தாதையுங்கோ, அவா கவலைப்படுவா."

ஒரு குறைதான். சிவப்புக் கிற்றாரின் கம்பிகள் துருப்பிடித்திருந்தன, ஒன்று அறுந்தும் இருந்தது. கட்டைக் கழுத்துக்கென்று தனிக் கம்பி கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை ஆகுமாம். கொடியேற்றம் வருகிற கிழமை வெள்ளிக்கிழமை.

"நீளக் கம்பியை வெட்டிப் போடேலாதோ?" என்று கிறிஸ்தோப்பர் கேட்டான்.

"இந்தக் கம்பி உள்ளுக்கை ஒண்டு, அதுக்கு மேலை இன்னொண்டைச் சுத்தியிருக்கு. வெட்டினால் சுத்து கழண்டு சத்தம் செத்துப் போம். இருக்கிறதை வைச்சுச் சமாளியுங்கோ அண்ணை."

வீட்டுக்கு வந்து கிறிஸ்தோப்பர் அந்தத் துருவைத் துடைக்கிறேன் என்று கழற்றியபோது மிச்ச மூன்றில் இரண்டு முறிந்துபோயின. அவன் முறிந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து போய்த் தூண்டில் பெட்டியைத் திறந்தான்.

எங்கள் கடற்கரையில் தங்கூசி இல்லாத வீடு இல்லை. தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் இழை; மெல்லிசு தொடங்கிச் சுறாவுக்குப் போடுகிற தடிப்பு வரை அவனிடம் எல்லாம் இருந்தது. நாலு தடிப்பில் நாலு துண்டு வெட்டி, அறாத முடிச்சாகப் போட்டு, கிற்றாரில் ஏற்றி முறுக்கினான்.

"உதென்ன, கிற்றாருக்குத் தூண்டில் போடுறியளோ?" என்று சுசிலா குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"துருப்பிடிக்காது" என்றான் அவன்.

அதில் பிழை சொல்ல எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நல்ல யோசனை என்றுதான் நானும் சொன்னேன். உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்குமா? மின்சார ஸ்பீக்கர் கோயிலில்தான் இருந்தது. வீட்டில் அவன் கிற்றாரின் உடம்பைத் தாடையில் முட்டுக்கொடுத்து, எலும்பால் கேட்டுச் சுருதி சேர்த்தான். நானும் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ தூரத்தில் பெட்டியைத் தட்டுகிற மாதிரி 'பொம் பொம்' என்று கேட்டது. ஐந்து நாள் அப்படியே பழகினான். கட்டைக் கழுத்து அவன் கையோடு பிறந்தது போல ஆகிவிட்டது. பன்னிரண்டு பாட்டும் கொப்பி பாராமல் வந்தன.

புதன்கிழமை பின்னேரம் பழக்கம். கிறிஸ்தோப்பர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். வயரைச் செருகினான். கிருசாந்தினி கையை உயர்த்தினாள். அவன் வாசித்தான்.

ஒன்றும் கேட்கவில்லை.

கை ஓடுகிறது, தங்கூசி ஆடுகிறது. ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை. வயரை மாற்றினார்கள். ஸ்பீக்கரை மாற்றினார்கள். குமிழ்களை எல்லாம் முழுக்கத் திருகினார்கள். பற்றறி போடுகிற சாதியாக இருக்குமோ என்று கிற்றாரைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தைக் கழற்றினார்கள். பற்றறி வைக்கிற இடமே இல்லை. இது வயிறு பொள்ளலா என்று தட்டிப் பார்த்தார்கள். இல்லை, முழு மரம். அரை மணித்தியாலம் போயிற்று. எனக்குத் தெரிந்த ஒன்றையும் சொன்னேன், காந்தம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கோ என்று. எண்ணினார்கள். ஒன்று. அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

நிரோஜன் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணைக்கு ஏத்த கிற்றார்தான் வாய்ச்சிருக்கு. ரெண்டும் ஊமை."

கிறிஸ்தோப்பர் கிற்றாரின் வாரைக் கழுத்திலிருந்து மெதுவாகக் கழற்றினான்.

"நிரோஜன், வெளியிலை போ!" என்றாள் கிருசாந்தினி.

நிரோஜனின் முகம் கறுத்துவிட்டது. "அண்ணை, பிழை. மன்னியுங்கோ. தாங்கோ, கடைசியா ஒருக்கால் பாக்கிறன்" என்று கிற்றாரை வாங்கி, திருப்புளியால் ஆணியை இறுக்கப் போனான். ஆணியில் வழுக்கித் திருப்புளி காந்தத்தில் முட்டியது.

'டங்!' என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தினார்கள்.

அவன் மறுபடி முட்டிப் பார்த்தான். டங். தங்கூசியைத் தட்டினான். ஒன்றுமில்லை. திருப்புளியால், டங். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கிறிஸ்தோப்பர் நிஷாந்தனுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டான்.

"அண்ணை, என்ன கம்பி போட்டிருக்கிறியள்?"

"தங்கூசி."

அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு சிரித்ததற்கு மன்னிப்பு. "அண்ணை, இந்தக் கிற்றாருக்குக் காது இல்லை. காந்தத்துக்கு மேலை இரும்பு ஆடினால்தான் அதுக்குத் தெரியும். நைலோன் எவ்வளவு ஆடினாலும் அறியாது. வயிறு பொள்ளலான கிற்றார் எண்டால் சரி, அது காத்தாலை கேக்கும். இது வேறை சாதி."

இந்த வித்தியாசத்தை முதலே யாராவது சொல்லியிருந்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை.

கிருசாந்தினி மணியைப் பார்த்தாள். "நாளைக்குப் பின்னேரம் கடைசிப் பழக்கம். நாளையிண்டைக்கு வெள்ளி, கொடி. நாளைக்குச் சத்தம் வந்தால் நீங்கள். வராட்டி நிரோஜன். எனக்கு வேறை வழியில்லை அண்ணை."

வியாழக்கிழமை காலை கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போகவில்லை. நான் போனபோது மெற்றில்டா அனுப்பிய கறுப்புக் கிற்றாரின் கம்பிகளைக் கழற்றிப் பாயில் நீட்டி வைத்திருந்தான். பக்கத்தில் சிவப்புக் கிற்றார்.

"வெட்டினால் சுத்து கழலும் எண்டு தம்பி சொன்னவனெல்லே?" என்றேன்.

"கயித்தை வெட்டினாலும் புரி கழலும்தானே மாமா" என்றான். "நாங்கள் என்ன செய்யிறனாங்கள்?"

கயிற்றை வெட்டுகிறதென்றால் வெட்டப் போகிற இடத்துக்கு முதலே மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றி, இழுத்துக் கட்டிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பிறகு எங்கே வெட்டினாலும் கட்டுக்கு இந்தப் பக்கம் புரி நகராது. அவன் கம்பியைச் சிவப்புக் கிற்றாரில் வைத்து அளந்தான். வலை பொத்துகிற நூலால் அளந்த இடத்தில் கட்டினான். பல்லால் இழுத்து இறுக்கினான். நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். வெட்டினான். கட்டுக்கு வெளியே இருந்த மேற்சுற்று சுருள் சுருளாகக் கழன்று வந்தது. கட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உள்ளே இருந்த மெல்லிய கம்பி மட்டும் முறுக்காணியின் துளைக்குள் சுகமாக நுழைந்தது. நாலாவது கம்பியை ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சுசிலா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டாள்.

பின்னேரம் வயரைச் செருகி ஒரு தரம் தட்டினான். சத்தம் வந்தது. தடித்த, ஈரமான, கீழே கிடக்கிற சத்தம். நிரோஜன் தன் இடக்கையைக் கீபோட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கிருசாந்தினி, "நாளைக்கு அஞ்சரைக்கு எல்லாரும் வெள்ளைச் சேட்டு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கொடியேற்றத்துக்குச் சனம் நிரம்பிவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "கிறிஸ்தோப்பர் கிற்றார் வாசிக்கிறானாம், எனக்கெண்டால் கேக்கேல்லை" என்றார். கேட்கிறது என்று சொன்னேன். ஆனால் காதில் கேட்கிறதா, காலுக்குக் கீழே கேட்கிறதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்து எல்லோரும் வாயை மூடிய பிறகு, தனியாக ஒரு 'பொம்' வந்தது. அதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். பீடத்தில் நின்ற சுவாமியே திரும்பிப் பார்த்தார்.

பூசை முடிந்து நாங்கள் வாசலில் நிற்க, கிருசாந்தினி கொப்பியோடு ஓடி வந்தாள்.

"கிறிஸ்தோப்பரண்ணை! மூண்டாம் பாட்டிலை என்ன, நித்திரையே? எல்லாரும் முடிச்சாப் பிறகு நீங்கள் மட்டும் எங்கை போறியள்? ரெண்டாம் பாட்டிலையும் ஓடுறியள். இது உங்கடை வள்ளமில்லை, நினைச்ச பாட்டுக்கு விட! நாளைக்கு வந்து அந்தக் கடைசி வரியைப் பத்துத் தரம் வாசிக்கவேணும்."

சுசிலாவுக்குக் கோபம் பொங்கியது. "ஏன் பிள்ளை, இவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ரை மனுசனை…"

கிறிஸ்தோப்பர் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நாலு மணிக்கோ, நாலரைக்கோ?" என்று கிருசாந்தினியிடம் கேட்டான்.

"நாலு. பிந்தாதையுங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டு, வயரைச் சுற்றி எடுக்க உள்ளே போனான்.